பளிங்கக்காவின் குடுவை

எங்கள் வினிகர் தொழிற்சாலை லேப்பில் கண்ணாடிச் சாமான் கழுவுகிறவளுக்குப் பளிங்கக்கா என்று பெயர் வைத்ததே நான்தான். எதிர் மேசையில் பாட்டில் மூடிகளைச் சோதிக்கிறவனுக்கு வேறென்ன வேலை? இரண்டு பெண்களைத் தனியாளாகக் கரையேற்றியவள். பத்தொன்பது வருடமாக அவள் கழுவியதைக் குறை சொல்லிவிட்டு எவனும் தப்பியதில்லை.

அவளுக்குச் செல்லம் கூம்புக் குடுவை. அடி அகலம், கழுத்து ஒடுக்கம். எப்படிச் சுழற்றினாலும் சிந்தாது. நூற்றறுபது வருடத்துக்கு முன்னால் ஒரு ஜெர்மன்காரர் கண்டுபிடித்தது. "அந்த மனுஷன் ஒரு நாளாவது பாத்திரம் கழுவியிருந்தா கழுத்தை அகலமா வச்சிருப்பான்" என்பாள்.

அந்த வியாழக்கிழமை யாரும் சிரிக்கவில்லை. புதிதாக வந்த கெமிஸ்ட் பெண், அமில அளவு முன்பே தெரிந்த ஒரு வினிகரைத் திங்கட்கிழமையிலிருந்து சோதிக்கிறாள்; ஒவ்வொரு தடவையும் அளவு கூடுதலாகவே வந்தது. அவளை வேலையில் வைப்பதா வேண்டாமா என்று அன்றைக்கே முடிவாக வேண்டும்.

மேனேஜர் அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். "கடைசியா ஒரு தரம் போடும்மா. இதுவும் தப்புன்னா நாளைக்கு வர வேண்டாம்."

குடுவையை எடுத்து நீட்டப்போன பளிங்கக்கா அப்படியே நின்றுவிட்டாள். அவளுக்கு அப்போதுதான் உறைத்ததாம். தண்ணீரைக் காய்ச்சி வடிக்கும் இயந்திரம் திங்கட்கிழமை படுத்துவிட்டது. இருந்த தண்ணீரை மிச்சம் பிடிக்க, குடுவைகளைக் கடைசியில் அந்த வினிகராலேயே அலசி வைத்திருந்தாள். சொட்டு விடும் கண்ணாடிக் குழாயான ப்யூரெட்டை அதில் ஊற்றப்போகும் திரவத்தால் அலசுவது வழக்கம்தான். குடுவைக்கு அது ஆகாது. அடியில் தங்கும் சொட்டுகள், அளந்து விடும் ஐந்து மில்லி வினிகரோடு சேர்ந்து அளவைக் கூட்டிவிடும்.

உள்ளே ஓடினாள். மிச்சமிருந்த நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசிக் கொண்டுவந்து வைத்தாள்.

ப்யூரெட்டிலிருந்து காஸ்டிக் சோடாக் கரைசல் சொட்டுச் சொட்டாக இறங்கியது. அந்தப் பெண் குடுவையைச் சுழற்றினாள். இளஞ்சிவப்பு வந்தது, மறைந்தது. மறுபடி வந்தது, மறைந்தது. கடைசியில் அமிலம் தீர்ந்து நிறம் நின்றது. அளவு சரியாக இருந்தது.

"கவனம் வச்சா வருதுல்ல?" என்றார் மேனேஜர். "நாலு நாளா புத்தி எங்க போச்சு? கவனக்குறைவுன்னு தவறு ஏட்டுல உன் பேரை எழுதிட்டேன். இன்னும் ஆறு மாசம் பாப்போம்."

"மன்னிச்சிருங்க சார்" என்றாள் அந்தப் பெண். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் அடுத்த மூடியை எடுத்துத் திருகினேன்.

பளிங்கக்கா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"அவ பேரை அடிங்க சார். அவ கையில தப்பில்ல. குடுவையைக் கெடுத்தது நான்."

பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக, மேனேஜர் அந்த ஏட்டில் அவள் பெயரை எழுதினார்.