தராசு வளர்த்த பெட்டூனியா

லாரி ஆபீசில் முப்பது வருடம் பார்சல் எடை போட்டவருக்குத் தராசு என்று பட்டப்பெயர் வந்ததில் ஆச்சரியமில்லை. மூட்டையைக் கையில் தூக்கியே எடை சொல்லுவார்; இயந்திரம் பிறகு ஒத்துக்கொள்ளும். தனக்கென்று கல்யாணம் பண்ணிக்கொள்ளாமல் தம்பியைப் படிக்கவைத்தார். ஓய்வு பெற்றதும் தம்பி வீட்டுப் பின்னறைக்கு வந்து சேர்ந்தார். அங்கே அவருக்காக இஸ்திரிப் பெட்டி காத்திருந்தது. பால் வாங்குவது, துணி தேய்ப்பது, சிலிண்டர்காரனுக்குக் காவல் இருப்பது எல்லாம் அவர் தலையில். சம்பளம் கேட்காத ஆள் லேசில் கிடைப்பானா?

"அவரைத் தண்ணி தெளிச்சு விட்டாச்சு" என்று தம்பி மனைவி அவர் காதுபடவே தோழிகளிடம் சொல்லுவாள். இனி தேறாத ஆள், கைகழுவியாச்சு என்று பொருள். தம்பி அப்படிப் பேசமாட்டான். "அவ கிடக்கா, விடுண்ணா" என்பான்.

விடுதலைக்கு வழி காட்டியவள் பூச்செடி விற்கும் நர்சரிக்கார அம்மா. "வீட்டுக்குள்ளயே ஒரு தட்டு பெட்டூனியா நாத்து வளர்த்து, மூணாவது மாசக் கடைசியில கொண்டாங்க. நல்லா வந்தா விதை அறை வேலை உங்களுக்கு. தங்க ரூமும் இருக்கு." அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

முதல் தட்டில் நாற்றுகள் வெளிறி, நூலாக நீண்டு, மண்ணை ஒட்டிய இடத்தில் கறுத்துச் சாய்ந்தன. வெளிச்சம் போதவில்லை என்று டியூப்லைட்டைச் சாண் உயரத்துக்கு இறக்கினார். இரண்டாவது தட்டில் நீளம் நின்றது, சாவு நிற்கவில்லை. பூஞ்சையாக இருக்கும் என்று தட்டைத் தேய்த்துக் கழுவி, புதுத் தேங்காய் நார்த்தூள் போட்டார். காற்றுக்கு மேஜை விசிறி வைத்தார். தண்ணீரும் மாலையில் தட்டைத் தூக்கிப் பார்த்து, லேசாக இருந்தால் மட்டும்தான்.

"பிள்ளைத்தாச்சியக்கூட யாரும் இப்படித் தாங்க மாட்டாங்க" என்றாள் தம்பி மனைவி.

மூன்றாவது தட்டு நாலு இலை விட்டது. மாசக் கடைசிக்கு மூன்று நாள் இருக்கும்போது ஒரு மூலை சாய்ந்தது. மறுநாள் காலையில் பால் வாங்கி வந்ததும் தட்டைத் தூக்கினார். நேற்று மாலையைவிட ஒரு டம்ளர் கனம் கூடியிருந்தது. அவர் ஊற்றவில்லை. அப்படியென்றால் தம்பி மனைவிதான். கோபத்திலும் ஒரு சந்தோஷம், நோய் பிடிபட்டுவிட்டது.

அடுத்த நாள் பால் வாங்கப் போவதுபோல் தெருமுனை வரை போய்த் திரும்பினார். பின்னறைக் கதவு திறந்திருந்தது. தட்டின்மேல் சொம்பைச் சாய்த்துக்கொண்டு நின்றவன் தம்பி.

"போனாப் போகட்டுமேங்க. நாமதான் தண்ணி தெளிச்சு விட்டாச்சே" என்றாள் மனைவி.

"நீ வாயாலதான் தெளிப்ப. அவன் போனா என் சட்டையை யாரு தேய்க்கிறது, நீயா? தெளிச்சு விட்டாப் போயிருவான். ஊத்தினாத்தான் இருப்பான்."

அண்ணனை 'அவன்' என்றான். தராசு சத்தமில்லாமல் போய்ப் பால் வாங்கி வந்தார்.

மாசக் கடைசியில் அழுகிய தட்டோடு நர்சரியில் போய் நின்றார். அந்த அம்மா ஒரு நாற்றைக் கிள்ளிப் பார்த்தாள்.

"செத்தது போகட்டும். ஏன் செத்துச்சுன்னு சொல்லுங்க. அது தெரிஞ்சவர்னா இப்பவே வேலை தர்றேன்."

தெரியும். சொன்னால் ரூம் கிடைக்கும். ஆனால் தான் வளர்த்தவன் இப்படிச் செய்தான் என்று ஊராரிடம் எந்த வாயால் சொல்வது?

"நான்தாம்மா கூடுதலா ஊத்திட்டேன். அளவு தெரியல" என்றார். எடையில் அவர் சொன்ன முதல் பொய்.

"அளவு தெரியாதவருக்கு இங்க என்ன வேலை?" என்றாள் அவள்.

வீட்டுக்கு வந்ததும் தம்பி கேட்டான். "என்னண்ணா சொன்னாங்க?"

"தண்ணி அதிகமாம்."

"அடடா" என்றான் தம்பி. இஸ்திரி மேஜைமேல் ஐந்து சட்டைகளை வைத்துவிட்டுப் போனான்.