லாரி இழுத்த வீடு

எங்கள் குடித்தனம் லாரிக்குப் பின்னால் ஓடியது. ராணுவம் ஏலம் விட்ட இரண்டு சக்கர டிரெய்லர் ஒன்றில் மூங்கில் தட்டி கட்டி, மேலே தகரம் போட்டிருந்தேன். சத்தியவேடு ஆந்திராவுக்கா மெட்ராசுக்கா என்று பேசி முடியாத வருஷங்கள் அவை. எல்லை எங்கே போனால் என்ன, ரோடு போட்டாக வேண்டுமே. தார் பீப்பாய்களைத் திருச்சானூர் ஷெட்டில் ஏற்றித் தடா வரை கொண்டு போவது என் வேலை. வண்டி நிற்கிற இடத்தில் என் மனைவி கூலியாட்களுக்குச் சமைப்பாள்.

புதுப்பெண்ணான அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று, நிமிர்ந்து நின்று புடவை கட்ட வேண்டும் என்று. குனிந்து குனிந்து முதுகு விட்டுப் போயிருந்தது. கூரையை லாரியின் தலைக்கு மேலே நன்றாக ஏற்றிக் கட்டினேன். தட்டிக்கும் தகரத்துக்கும் என்ன கனம் வந்துவிடப் போகிறது? அவள் உள்ளே நின்று, கையைத் தூக்கிக் கொண்டை போட்டதைப் பார்த்து மீசையை முறுக்கிக்கொண்டேன்.

அதிலிருந்து பெட்ரோல் பற்றவில்லை. தடாவுக்கு முன்பே வண்டி வறண்டு நின்றுவிடும். மெக்கானிக் எல்லாவற்றையும் கழற்றி மாட்டிவிட்டு, எஞ்சினில் குறையில்லை, டாங்கியில் ஓட்டையுமில்லை என்று கையை விரித்தார். அப்புறமென்ன, டிரைவர்தான் பெட்ரோலை வழியில் விற்கிறான். லாரிக்குச் சொந்தக்காரரான ரோடு கான்ட்ராக்டர் முதலில் ஜாடையாகக் கேட்டார், பிறகு எல்லார் எதிரிலும் கேட்டார். எனக்கு ரத்தம் கொதித்தது. திருட்டுப் பட்டம் வாங்கினவனுக்கு அந்தப் பக்கத்தில் எவன் லாரிச் சாவியைக் கொடுப்பான்?

ஒரு நாள் காலையில் ஷெட்டில் அவர் கற்பூரம் ஏற்றினார். திருமலையைப் பார்த்து நின்று, அதைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தால் நம்புகிறேன் என்றார். எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. செய்யாத தப்புக்கு என்ன பயம்? கையை ஓங்கினேன்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் மனைவி ஓடி வந்து, ஓங்கிய கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பொய் சத்தியம் வேணாங்க," என்றாள். "மலமேல அவரு பாத்துக்கினு கீறாரு. வேல போனா போவுது, நீங்க நல்லா இருந்தா போதும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஓங்கிய கையைத் தாழ்த்திவிட்டேன். என்மேல் உயிரையே வைத்திருந்தவள். அதனால்தான் ஓடி வந்தாள். ஆனால் அவளும் என்னைத் திருடன் என்றே நினைத்திருக்கிறாள். எனக்குச் சோறு போட்டுக்கொண்டே, என் பக்கத்தில் படுத்துக்கொண்டே நினைத்திருக்கிறாள். கற்பூரம் தானாக எரிந்து முடிந்தது. கான்ட்ராக்டருக்கு அதுவே போதுமாக இருந்தது. இந்த நடையோடு சாவியைத் தடாவில் ஒப்படைத்துவிடு என்று சொல்லி, காரில் முன்னால் கிளம்பிவிட்டார்.

அவள் முன்பக்கம் என் அருகே உட்கார்ந்து வந்தாள். நான் ரோட்டையே பார்த்து ஓட்டினேன். புத்தூர் தாண்டியதும் எதிர்க்காற்று பலமாக வீசியது. வண்டி வழக்கம்போல முக்கியது. திடீரென்று பின்னால் படாரென்று சத்தம். நான் ஏற்றிக் கட்டிய தட்டியும் தகரமும் பிய்த்துக்கொண்டு வயலில் போய் விழுந்தன. அதே நொடியில் லாரி, கயிறு அறுந்த மாடு மாதிரி முன்னால் பாய்ந்தது. பீப்பாய்கள் அப்படியேதான் இருந்தன, கனம் குறையவில்லை. அந்த உயரமான தட்டியில் முட்டிய காற்றையல்லவா இத்தனை நாளும் இழுத்திருக்கிறேன்!

தடாவில் கான்ட்ராக்டர் டாங்கிக்குள் குச்சியை விட்டுப் பார்த்தார். குச்சியில் பெட்ரோல் ஈரம் நன்றாக மேலே ஏறியிருந்தது. குச்சியைத் துடைத்துவிட்டு மறுபடியும் விட்டார். கூரை போன கதையைச் சொன்னேன். வெறும் டிரெய்லரைச் சுற்றிப் பார்த்தார்.

"அப்ப பெட்ரோல காத்தாப்பா துன்னுச்சு?" என்று கேட்டவர், சாவியை என் சட்டைப் பையில் தாமே போட்டுவிட்டுப் போனார்.

அவள் கூரையில்லாத வீட்டுக்குள் நின்று அழுதுகொண்டிருந்தாள். நான் செய்யவில்லை என்று காலையிலேயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டாள்.

"கான்ட்ராக்டருக்கு சொல்லத்தான் கைய ஓங்கினேன்," என்றேன். "உனக்கும் சொல்லணும்னு எனக்கு தெரியாம பூட்ச்சே."