அம்மாவுக்காக அப்பா அடுக்கிய முன்னறை

அப்பா எங்களை விட்டுப் போய் ஒரு வருடம் முடிந்துவிட்டது. தலைத்திவசத்துக்கு வருகிறவர்கள் கையில் கொடுக்க ஒரு நினைவு மலர் அச்சடிக்கலாம் என்று அத்தை மகன் சொன்னார். ஒரே மகள் என்பதால் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. "நல்லதா நாலு வார்த்தை எழுதும்மா. சண்டை கிண்டையெல்லாம் எழுதாத" என்று எச்சரிக்கை வேறு. நல்லதைத்தான் எழுதுகிறேன். அதற்குள் சண்டையும் வந்து உட்கார்ந்துகொண்டால் நான் என்ன செய்யட்டும்!

அப்பா பிறந்தது நெல்லிக்குப்பத்துக்குப் பக்கத்தில், கரும்பு பயிர் செய்த ஒரு சின்னக் குடும்பத்தில். பெற்றோர் இருவரும் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அத்தைதான், அதாவது அப்பாவின் அக்காதான், தம்முடைய புகுந்த வீட்டில் வைத்து வளர்த்துப் படிக்க வைத்தார். அக்கா வீட்டுக்காரர் போடும் சோறு என்பதால், அப்பா ஒருநாளும் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டதில்லையாம். அந்தக் கூச்சம்தான் பிற்பாடு ரோஷமாக முற்றியது என்று நான் நினைக்கிறேன். படிப்பு முடிந்ததும் அண்ணாமலை நகர்ப் பல்கலைக்கழகத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. திருவந்திபுரம் மலையில் கல்யாணம் நடந்தது. அம்மா, கடலூர் முதுநகரில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டி வைத்திருந்தவரின் செல்ல மகள்.

அது யுத்த காலம். அரிசிக்கு வரிசையில் நிற்க வேண்டும், மண்ணெண்ணெய்க்குக் கெஞ்ச வேண்டும். சிதம்பரம் வடக்கு வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் அப்பா குடித்தனம் வைத்தார். ஒரு முன்னறை, அதற்குப் பின்னால் ஒரு சமையலறை, அவ்வளவுதான் வீடு. முன்னறையில் ஒரு பாயும் ஒரு டிரங்குப் பெட்டியும் இருந்தன. இரண்டு பேருக்கு அது போதும் என்று இருவரும் சந்தோஷமாகத்தான் இருந்திருக்கிறார்கள்.

வினை வந்தது தலைப்பிரசவத்துக்கு அழைக்க வந்த அன்று. தாத்தா தம் அண்ணன், பங்காளிகள் என்று ஒரு வண்டி நிறைய ஆட்களோடு வந்து இறங்கினார். பாயில் சிலர் உட்கார்ந்தார்கள். மற்றவர்கள் நின்றார்கள். தாத்தாவின் அண்ணன் கால் வலி தாங்காமல் சமையலறை உரலின் மேல் உட்காரப் போக, அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்து, "பெரியப்பா, அதுல ஒக்காராதீங்க, ஆவாது" என்று தடுத்தாராம். தாத்தாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "எம் பொண்ணக் குடுத்த எடத்துல ஒக்கார ஒரு பலக இல்லியா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார்.

கடலூரில் நான் பிறந்தேன். தாயையும் பிள்ளையையும் அழைத்துவர அப்பா போனார். தாத்தா அனுப்பவில்லை. "மொதல்ல வீட்ல ஒக்கார எடம் பண்ணுங்க மாப்ள. அப்புறமா வாங்க, அனுப்பறேன். இல்லன்னா சொல்லுங்க, நானே ஒரு வண்டி நாற்காலி ஏத்தி அனுப்பிடறேன்" என்றார்.

"நீங்க சீர் செஞ்சது போதும் மாமா. நாற்காலிய நான் சேத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு அப்பா தனியாகத் திரும்பி வந்தார்.

அம்மா கெட்டிக்காரர். அத்தை என்னைப் பார்க்க வந்தபோது ரகசியமாகச் சொல்லி அனுப்பினாராம்: "பேருக்கு ஒரு ஸ்டூல் வாங்கிப் போடச் சொல்லுங்க அண்ணி. எங்கப்பாகிட்ட அதக் காட்டி நான் வந்துடறேன்." அப்பா கேட்கவில்லை. போட்டால் அறை முழுக்கப் போட்டு மாமனாரை வாயடைக்க வைக்க வேண்டும் என்று நின்றார். ஒரு ஸ்டூல் போட்டிருக்கக் கூடாதா? எனக்கு இன்றைக்கும் இதில் அவர்மேல் கோபம்தான்.

குமாஸ்தா சம்பளத்தில் அறை நிறையுமா? பரீட்சை முடிந்து ஊருக்குப் போகும் மாணவர்கள் விட்டுவிட்டுப் போகும் சாமான்களுக்காகக் காத்திருந்தார். ஒரு வருடம் துணி கிழிந்த ஈசிச்சேர் ஒன்று கிடைத்தது. அதற்குக் கோணியை இரட்டையாக மடித்துத் தைத்துப் போட்டார். ஏலத்தில் ஒரு பெஞ்சும் கால் ஒடிந்த நாற்காலிகள் இரண்டும் வந்தன. மாற்றுக் கால் போட்டதில் ஒரு நாற்காலி ஆடியது. ஆட்டத்தை நிறுத்த ஒரு காலைச் செதுக்கினார், பிறகு மற்றொன்றை, பிறகு இன்னொன்றை. ஆட்டம் நின்றபோது அந்த நாற்காலி மணை உயரத்துக்கு வந்துவிட்டது. "கொழந்த ஒக்காரட்டும்" என்று அதை எனக்கு ஒதுக்கினாராம். கடைக்காரர் தூக்கிப்போட்ட பலகைப் பெட்டியைக் கவிழ்த்து மேசை ஆக்கினார். அதன்மேல் விரிக்க அம்மாவின் பழைய சேலை ஒன்று இருந்தது. அதை வெட்டவில்லை. வந்து கேட்டால் என்ன சொல்வது என்று மடித்தே போட்டார். எல்லாம் சேர்ந்ததும் கதவு பாதிதான் திறந்தது. ஈசிச்சேரை மடக்கிச் சுவரில் சாய்த்து, டிரங்குப் பெட்டியைப் பெஞ்சுக்கு அடியில் தள்ளி, ஆள் நடக்க வழி செய்தார். இதெல்லாம் தனியாக, ஆபீஸ் விட்டு வந்த மாலைப் பொழுதுகளில். பேச்சுத் துணைக்கு ஆள் கிடையாது.

கடைசியில் தாத்தா பார்க்க வந்தார். இங்கேதான் வேடிக்கை. மாப்பிள்ளை நிற்கும்போது மாமனார் எப்படி உட்காருவார்? பெரியவர் நிற்கும்போது அப்பா எப்படி உட்காருவார்?

"ஒக்காருங்க மாமா."

"நீங்க ஒக்காருங்க மாப்ள."

"பரவால்ல, நீங்க மொதல்ல."

இப்படியே சொல்லிச் சொல்லி, அத்தனை நாற்காலிகளுக்கு நடுவில் இருவரும் கடைசிவரை நின்றுகொண்டே காபி குடித்தார்கள். ஆனாலும் தாத்தாவின் மனசு குளிர்ந்துவிட்டது. "மார்கழி போவட்டும். தை பொறந்ததும் நல்ல நாளாப் பாத்து நானே கொண்டாந்து உடறேன்" என்று சொல்லிப் போனார்.

மார்கழியில் அம்மாவுக்கு விஷக்காய்ச்சல் கண்டது. அப்பா கடலூர் போய் இறங்கியபோது அம்மாவுக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை. தை பிறப்பதை அம்மா பார்க்கவில்லை.

கடலூரில் காரியமெல்லாம் முடிந்து அப்பா சிதம்பரம் திரும்பினார். ஆபீஸ் சிநேகிதர்கள் துக்கம் விசாரிக்க வந்தார்கள். அந்த நாற்காலிகளில் முதன்முதலாக உட்கார்ந்தவர்கள் அவர்கள்தான். துக்க வீட்டில் வருகிறவர்களை "வாங்க" என்று சொல்வதில்லை, போகிறவர்களும் "போயிட்டு வரேன்" என்று சொல்வதில்லை. அன்று வந்தவர்களில் ஒருவரை நான் மாமா என்றுதான் அழைப்பேன். அவர் என்னிடம் சொன்னார்: "ஒங்கப்பா எங்களப் பாத்ததும் ஏந்திரிச்சி வந்து வாயத் தொறந்தாரும்மா. 'வா'ன்னு ஒரு எழுத்து வந்துச்சி. அப்புறம் கப்புனு மூடிக்கிட்டாரு. நாங்க ஒக்காந்தோம். கொஞ்ச நேரங் கழிச்சி ஏந்திரிச்சி ஒண்ணும் சொல்லாம வந்துட்டோம். சந்து முனையில நின்னு திரும்பிப் பாத்தா, மனுசன் நாற்காலிங்கள நேரா இழுத்துப் போட்டுக்கிட்டு இருக்காரு."

மறுமணம் செய்துகொள்ளச் சொல்லி அத்தை அழுதும் பார்த்தார், திட்டியும் பார்த்தார். அப்பா அசையவில்லை. ஞாயிறு தோறும் ரயிலேறிக் கடலூர் வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போவார். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் வயது வந்ததும் தாத்தா என்னைக் கொண்டுவந்து விட்டார். வாசலோடு விட்டுவிட்டு, உள்ளே வராமலே போய்விட்டார். அப்பா எனக்குத் தலை வாரக் கற்றுக்கொண்டார், சோறு வடிக்கக் கற்றுக்கொண்டார். ஒருநாளும் கை நீட்டியதில்லை. யாரைப் பற்றியும், தாத்தாவைப் பற்றிக்கூட, ஒரு குறை சொல்லி நான் கேட்டதில்லை. ஜன்னலோரத்து நாற்காலியை மட்டும் நகர்த்த விடமாட்டார். "அது ஒங்கம்மா எடம்" என்பார். ஒருநாளும் அங்கே உட்காராத அம்மாவுக்கு அங்கே ஓர் இடம் இருந்தது. அந்த அறை எனக்காகப் போட்டதல்ல என்பது எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். அதில் வருத்தமும் உண்டு, பெருமையும் உண்டு.

கடைசி நாட்களில் அப்பாவுக்குப் பேச்சு குறைந்துவிட்டது. ஈசிச்சேரில் வாசலைப் பார்த்தபடி படுத்திருப்பார். ஒருநாள் காலையில், நான் காபி ஆற்றிக்கொண்டு வருவதற்குள், அப்படியே அடங்கிவிட்டார்.

அப்பா முடியாமல் இருந்தபோது தினமும் வந்து பார்த்த டாக்டருக்கும், தூக்கவும் துடைக்கவும் துணை நின்ற எதிர்வீட்டுக்காரர்களுக்கும், கொள்ளி வைத்த அத்தை மகனுக்கும், தள்ளாத வயதில் கோலூன்றி வந்த ஆபீஸ் மாமாவுக்கும் நான் கடமைப்பட்டிருக்கிறேன். அன்று வந்த உங்கள் யாரையும் நான் வாய் திறந்து அழைக்கவில்லை. முறை அப்படி. இப்போது வருடம் திரும்பிவிட்டது, இனி அழைக்கலாம். வாங்க, வந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போங்க. மாலை வேளைகளில் நான் வீட்டில்தான் இருக்கிறேன். நான் மட்டும்தான் இருக்கிறேன்.