ஒரு ஓட்டும் மண்டையப்பமும்

எங்கள் வீட்டுக்கும் அக்கா வீட்டுக்கும் நடுவில் ஒரு மதில் உண்டு. மதிலில் சின்னதாக ஒரு கதவு. கொண்டி அவர்கள் பக்கம். இருபது வருடத்தில் அந்தக் கொண்டியைப் போட்டு நான் பார்த்ததில்லை. எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கும். குடிக்கவும் சோறு பொங்கவும் என் வீட்டுக்காரி அந்தக் கதவு வழியாகப் போய்த்தான் தண்ணீர் கோரி வருவாள். நான் அக்கா என்று கூப்பிடுவேன், அவள் மைனி என்பாள். அக்காவின் வீட்டுக்காரர் எனக்கு அத்தான், அவளுக்கு அண்ணன். ரத்த சொந்தம் ஒன்றும் கிடையாது, கூப்பிட்டுக் கூப்பிட்டு ஆன சொந்தம்தான்.

மாநகராட்சித் தேர்தலில் எங்கள் வார்டு பெண்களுக்கு வந்தது. அக்கா சுயேச்சையாக நின்றார். சின்னம் தண்ணீர்க் குழாய். நான் மாவு மில் நடத்துகிறவன். எட்டாம் வகுப்போடு சரி, அரசியலும் தெரியாது. ஆனாலும் அரிசி திரிக்க வந்தவர்களிடமெல்லாம் குழாயை மறந்துவிடாதீர்கள் என்று சொன்னேன். சனிக்கிழமை காலையில் நாங்கள் இரண்டு பேரும் குளித்துச் சாமி கும்பிட்டுவிட்டுப் போய் வரிசையில் முன்னால் நின்றோம். அத்தான் அன்று முழுவதும் ஓடிக்கொண்டே இருந்தார். நடக்க முடியாதவர்களை ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவருவதும் திருப்பி விடுவதுமாக, மத்தியானச் சோறுகூட அவர் தின்னவில்லை.

எண்ணிக்கை செவ்வாய்க்கிழமை. அந்தச் செவ்வாயில்தான் எங்கள் வீட்டில் நேர்ச்சையும் இருந்தது. மில் சத்தத்திலோ என்னவோ, எனக்கு இரண்டு மாதமாக விடாத தலைவலி. தீர்ந்தால் மண்டையப்பம் வைக்கிறேன் என்று என் வீட்டுக்காரி மண்டைக்காட்டு பகவதியிடம் சொல்லியிருந்தாள். பச்சரிசி மாவையும் வெல்லத்தையும் சிறுபயறையும் சேர்த்துப் பிசைந்து, தலைபோல உருட்டி அவித்து, அம்மனுக்குப் படைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அம்மன் புண்ணியத்தில் தலைவலி போயிருந்தது. மாசிக்கொடைத் திருவிழாக் கூட்டம் தொடங்கும் முன்னால் ஒரு செவ்வாயில் முடித்துவிடலாம் என்று நாள் குறித்தது அவள்தான். எண்ணிக்கையும் அன்றுதான் என்பது இரண்டு பேருக்கும் மனதில் படவில்லை.

மில் எங்கள் வீட்டுக்கு முன்பக்கத்திலேயே இருக்கிறது. மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால், வற்றல் மிளகாய் திரிக்க வந்து நின்ற பெண்பிள்ளையின் போன் அடித்தது. கேட்டுவிட்டு அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“கொழாய் போச்சு. ஒரு ஓட்டுல போச்சு.”

நான் மோட்டாரை நிறுத்தினேன்.

“ஒரு ஓட்டா? திருப்பி எண்ணச் சொல்லலியா?”

“எண்ணியாச்சாம். ரெண்டாமதும் அதே ஒண்ணுதான்.”

ரிட்டையரான கண்டக்டர் ஒருவர் தினமும் பேப்பர் பார்க்க மில்லுக்கு வருவார். அவர் பேப்பரை மடித்தார். “தெருவுல அம்புட்டு பேரும் போட்டோம் போட்டோம்னுதான சொன்னாவ? அப்பம் போடாதது ஆருவே?”

இருந்த ஐந்தாறு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். கண்டக்டர் மூக்கை உறிஞ்சினார். “எங்க இருந்துவே வெல்லம் மணக்கு?”

என் அடுக்களையிலிருந்துதான்.

“நேர்ச்சையாக்கும், மண்டையப்பம்,” என்றேன்.

“இன்னைக்கா?”

“செவ்வாய்க்கெழமைல்லா.”

“ஆமா ஆமா. ஜெயிச்சவ்வளுக்கும் இனிப்பு செவ்வாய்க்கெழமதான்,” என்றார் அவர். மிளகாய்க்காரி சிரிப்பை அடக்கினாள்.

அது போதாதென்று கொஞ்ச நேரத்தில் ஜெயித்தவர்களின் ஊர்வலம் வெடி போட்டுக்கொண்டு வந்தது. ஜெயித்த அம்மாவின் வீட்டுக்காரர் கடை கடையாக ஏறித் துண்டு போட்டுக்கொண்டே வந்தார். என் தோளிலும் ஒன்று விழுந்தது. என்ன செய்வது என்று தெரியாமல் கை கூப்பிவிட்டேன். நிமிர்ந்து பார்த்தால் அக்கா மொட்டை மாடியில் நிற்கிறார். ஒரு நிமிடம் பார்த்துவிட்டு இறங்கிப் போனார். நான் துண்டைச் சுருட்டி உமி மூட்டைக்குப் பின்னால் எறிந்துவிட்டு வீட்டுக்குள் போனேன். அப்போது கொல்லையில் ஒரு சத்தம் கேட்டது. கொண்டி விழுந்த சத்தம். கதவுக்கு இந்தப் பக்கம் என் வீட்டுக்காரி வெறும் குடத்தோடு நின்றுகொண்டிருந்தாள்.

இனி எழுதுவது எனக்கு வெட்கம். மண்டைக்காட்டுக்குப் போகும் பஸ்ஸில், மடியில் அப்பப் பாத்திரத்தோடு உட்கார்ந்திருந்த அவளைப் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டே வந்தேன். போன மாதம் எங்கள் முருங்கைக் கொம்பு மதில் தாண்டியது என்று அக்கா அதை வெட்டிப் போட்டார். “ஜெயிச்சாச்சுன்னா மைனியக் கையில புடிக்க முடியாது” என்று அன்றைக்கு இவள் சொன்னது நினைவில் வந்து ஒட்டிக்கொண்டது. ஒரு ஓட்டு. நான் என் கையால் குழாய்க்குப் போட்டேன். இவள்?

“நீ கொழாய்க்குத்தான போட்ட?”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பஸ் இரணியலைத் தாண்டியது. பிறகு, “நீங்க அத அம்மன்கிட்ட கேளுங்க,” என்றாள்.

கோயில் நடையில் நின்று கும்பிடும்போதும் எனக்கு அம்மன் முகம் மனதில் நிற்கவில்லை, இவள் விரலில் இருந்த மைதான் நின்றது. தலைவலியைத் தீர்த்துத் தந்த தாய்க்கு முன்னால் நின்றுகொண்டு என் பெண்டாட்டியைச் சந்தேகப்பட்டேன்.

விளக்கு வைக்கும் நேரத்துக்குத் திரும்பினோம். பிரசாதம் கொடுக்காமல் இருக்க முடியாது என்று அவள் அக்கா வீட்டு முன் கேட்டுக்கே போய்விட்டாள். நானும் பின்னால் போனேன். அத்தான் வந்தார், கேட்டைத் திறக்கவில்லை. அக்கா உள்ளே வாசல்படியில் நின்றார்.

“ஜெயிச்சவ்வளுக்குள்ள பலகாரம் இங்க எதுக்கு மாப்ளே?” என்றார் அத்தான்.

“அம்மன் பிரசாதம் அத்தான். நேர்ச்சை.”

“துண்டும் நேர்ச்சையோ? செரி. அம்மன் பேருல சத்தியம் பண்ணு, கொழாய்க்குப் போட்டேன்னு.”

“பகவதி சத்தியமா போட்டேன்.”

“இவளுக்கும் சேத்துப் பண்ணு.”

எனக்கு நாக்கு எழவில்லை. அம்மன் பெயரில் தெரியாததை எப்படிச் சொல்வது என்று நினைத்தேனா, பயந்தேனா, இப்போதும் தெரியவில்லை. மூச்சு விடுகிற நேரம்தான் இருக்கும். அதற்குள் அவள் என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு வாழையிலைப் பொதியைக் கேட்டுக்கு மேலே நீட்டினாள்.

“சத்தியம் கெடக்கட்டும். பிரசாதம் வேண்டாம்னு சொல்லப்பிடாது அண்ணே. ரெண்டு கையும் நீட்டுங்க.”

அத்தானும் பக்திக்காரர்தான். மறுக்க முடியாமல் இரண்டு கையையும் சேர்த்து ஏந்தினார். கேட் விளக்கு நேராக அவர் கைகளில் விழுந்தது. என் விரலில், அவள் விரலில், தெருவில் எல்லார் விரலிலும் கறுத்துக் கிடந்த மை அத்தானின் இடது கை விரலில் இல்லை. நகம் பளிச்சென்று இருந்தது. எனக்குப் பிறகுதான் அக்காவும் பார்த்திருக்க வேண்டும். படியிறங்கி வந்து அந்த விரலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

“நீங்க போடலியா?”

அத்தான் தலையைக் குனிந்தார். “கடைசி ஆட்டோவ எறக்கி விட்டுட்டு ஓடி வந்தேன். பூத்து கேட்டை அடச்சிட்டானுவ. ஒங்கிட்ட எப்பிடிச் சொல்லுகதுன்னு...”

“அந்த ஒண்ணு இருந்தா சமமா வந்திருக்கும். குலுக்கிப் போட்டிருப்பாவ. ஊரையே ஏத்திக் கொண்டுவந்தியளே,” என்றார் அக்கா. சொல்லிவிட்டு அழுதாரா சிரித்தாரா என்று தெரியாதபடி முந்தானையை முகத்தில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் கொண்டி எடுக்கும் சத்தம் கேட்டது. “ஏட்டி, தண்ணி கோர வரலியா?” என்று அக்காவின் குரல். இவள் குடத்தை எடுத்துக்கொண்டு போனாள். அங்கே இரண்டு பேரும் பேசுவதும் வாளி மோதுவதும் எனக்குக் கேட்டது.

அவள் அந்த மை இல்லாத விரலை முன்னாலேயே கவனித்து வைத்திருந்துதான் இரண்டு கையும் நீட்டச் சொன்னாளா? அதை நான் இன்றுவரை கேட்கவில்லை. குழாய்க்குத்தான் போட்டாளா என்றும் பிறகு கேட்கவில்லை. கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை. அன்று தண்ணீர்க் குடத்தை அடுக்களையில் இறக்கி வைத்துவிட்டு, முகம் திருப்பாமலே அவள் சொன்னாள்.

“ஒங்க மண்டைக்கு நேந்தது நானாக்கும். எனக்காவ ஒரு வார்த்த ஒங்களுக்கு வரலியே.”

நான் மில்லுக்குப் போய் மோட்டாரைப் போட்டேன். திரிக்க அன்றைக்கு ஒரு மணி அரிசிகூட வந்திருக்கவில்லை.