நிழலுக்குப் போட்ட கோலம்

திருமழிசையில் நெடுஞ்சாலையை ஒட்டி நிற்கும் பழைய கல்மண்டபத்தைச் சுற்றிப் பூங்காவுக்குத் திட்டம் வரைந்து கொடுத்தவர் என் சித்தி. யாரும் கேட்காமலே இதை நான் இன்றும் சொல்வேன். அப்போது எனக்கு ஒன்பது வயது. சித்தியின் அளவு நாடாவைப் பிடித்துக்கொள்ளும் உத்தியோகம் என்னுடையது. அந்தப் பெருமையில் கால் தரையில் பாவாது.

மண்டபத்தைச் சுற்றி எந்நேரமும் குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டிகள் நிற்கும். தொழிற்பேட்டையிலிருந்து லோடு வரும்வரை டிரைவர்கள் அங்கிருந்த வேப்பமரத்தடியில்தான் படுத்திருப்பார்கள். ஆடி முடிவதற்குள் இடம் காலியாகாவிட்டால் பூங்காவே கிடையாது என்று பேரூராட்சி ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். சித்தியும் நயமாகப் பேசிப் பார்த்தார். டிரைவர்களில் குரல் பெருத்த ஒருவர் மட்டும் மசியவே இல்லை.

"நீங்க பார்க்கு கட்டி பூட்டிகினு பூடுவீங்க. நாங்க வண்டிய எங்க இட்டுகினு போறது மேடம்?"

எனக்கு அந்த ஆளைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வந்தது.

எங்கெங்கே நிழல் விழுகிறது என்று தெரியாமல் ஓர் இருக்கைகூடப் போடமாட்டார் சித்தி. வண்டிகளெல்லாம் லோடுக்குப் போயிருந்த ஒரு வியாழக்கிழமை, பள்ளி விடுமுறையென்று நானும் கூட இருந்தேன். வெயில் நகர நகர, மண்டபத்தின் நிழலையும் வேம்பின் நிழலையும் கோலமாவால் ஓரம் கட்டி வரைந்துகொண்டே போனார். சாயங்காலம் பார்த்தால் தரை முழுக்க வளைவும் கோணலுமாக வெள்ளைக் கோடுகள்.

விடிந்தால் ஆடி வெள்ளி. எதிர்த்தெருப் பெண்கள் அந்தக் கோடுகளைப் பார்த்து, வேப்பமரத்து அம்மனுக்கு யாரோ வேண்டிக்கொண்டு பாதியில் விட்ட கோலம் என்று நினைத்துவிட்டார்கள். புள்ளி வைத்து, பூ வரைந்து, காவியிட்டு, நடுவில் விளக்கும் ஏற்றிவிட்டார்கள். காலையில் வந்த வண்டிகள் சாலையிலேயே நின்றன. கோலத்தின்மேல் சக்கரம் ஏற்ற ஒருவருக்கும் மனம் வரவில்லை.

"இன்னாத்துக்கு வம்பு? ஓரமா போட்டுக்கலாம் வா" என்று அந்தப் பெரிய குரலே சொன்னது.

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஜெயித்துவிட்டோம்! இனி கயிறு கட்டிவிட வேண்டியதுதான் என்று குதித்தேன். சித்தியோ நேராகப் போய் டிரைவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"இது சாமிக் கோலம் இல்லீங்க, நிழல் எங்க விழுதுன்னு நான் போட்ட கோடு. உங்களுக்கு எந்த நிழல் வேணும், காட்டுங்க."

அவர்கள் வேம்பின் பக்கம் காட்டினார்கள். மீதமிருந்த கோலமாவில் அங்கேயே வண்டிகளுக்கு இடம் வரைந்தார். மண்டபத்தை ஒட்டிப் புல்தரையும் படுக்க வசதியான கல்திண்டுகளும் வந்தன. பூட்டுவதற்குக் கதவே வைக்கவில்லை. கைக்கு வந்ததை இப்படி விட்டுக்கொடுத்துவிட்டாரே என்று இரண்டு நாள் நான் சித்தியிடம் பேசவில்லை.

பூங்கா திறந்தபோது மண்டபம் சாலையிலிருந்தே அழகாகத் தெரிந்தது. அந்தக் குரல் பெருத்த டிரைவர் குழாயைப் பிடித்துப் புங்கங்கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். புல்லை மிதித்த என்னை அதட்டினார்.

"இது எங்க சித்தி கட்டின பார்க்" என்றேன் விறைப்பாக.

"யார் சித்தி? இது எங்க பார்க்கு பாப்பா. எறங்கு."

அழுதுகொண்டே ஓடிப்போய்ச் சித்தியிடம் புகார் சொன்னேன். அவர் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, "என்ன சொன்னார்? இன்னொரு தடவை சொல்லு" என்றார். சொன்னேன். மறுபடியும் சொல்லச் சொன்னார். கண் நிறைந்திருக்க அவர் ஏன் சிரிக்கிறார் என்று எனக்கு விளங்கவே இல்லை.