சிகாமணி சார் கொண்டுபோன மீன்

கேம்ப் ரோட்டில் பேருந்துக்காக நின்றிருந்தபோது போன் வந்தது. “சார், நம்ம சிகாமணி சார் போய்ட்டாரு. காலைல நெஞ்சு வலின்னாராம், அவ்ளோதான்,” என்றார் எங்கள் கல்லூரி நூலகர். எப்போது எடுக்கிறார்கள் என்று கேட்டேன். கேட்க நினைத்தது வேறு: அவர் வீட்டில் இருக்கும் எங்கள் மீன் உயிரோடு இருக்கிறதா? அதை நூலகரிடம் கேட்க முடியாது.

அவரிடம் வேதியியல் படித்த உங்களுக்குத் தெய்வசிகாமணியை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. செம்பாக்கத்துப் பழைய விவசாயக் குடும்பம். நிலமெல்லாம் மனையான பிறகும் பேச்சை மாற்றிக்கொள்ளாதவர். வகுப்பில் ஆங்கிலத்தில் வெளுத்து வாங்கிவிட்டு, ஆசிரியர் அறைக்கு வந்து “இன்னா சார், ஒரே பேஜாரா கீறீங்க?” என்பார். இயற்பியல் துறைக்காரனான எனக்கு அது பிடித்ததே இல்லை.

ஃப்ளவர்ஹார்ன் மீன் வளர்த்தால் செல்வம் சேரும் என்று தாம்பரமே நம்பிய காலம் அது. என் மைத்துனரும் நம்பி, இரண்டு கொண்டுவந்து கொடுத்தார். நெற்றி புடைத்த அந்த மீன்கள் ஒன்றையொன்று கடித்தே கொன்றுவிடும். தொட்டியை இரண்டாகத் தடுக்க வேண்டும். பம்மலில் பெயர்ப்பலகை செய்யும் கடையில் அக்ரிலிக் பிளாஸ்டிக் தகடு ஒன்றை வெட்டி வாங்கி, சிலிகான் பசையால் கண்ணாடியில் ஒட்டினேன். அதைக் கேள்விப்பட்ட சிகாமணி சிரித்தார்.

“சிலிகான் கண்ணாடிய கட்டிக்கும் சார். அக்ரிலிக்க சும்மா தொட்டுக்கினு இருக்கும். தண்ணில ஊறுனா அது வேற வளையும்.”

“ஒட்டுவிசை பற்றி நாங்களும் படிச்சிருக்கோம்,” என்றேன்.

“நீங்க படிச்சீங்க. மீனு படிக்கலியே.”

தகடு வளைந்து ஒரு ஓரம் விட்டுக்கொண்டது. மாலையில் நான் வீடு திரும்பியபோது பெரிய மீன் சிறியதை மூலையில் வைத்து இடித்துக்கொண்டிருந்தது. சிறியதற்கு வால் பாதி இல்லை. குழந்தைகள் இல்லாத வீடு எங்களுடையது. என் மனைவி கல்யாணி கண்ணாடியில் விரல் வைத்தால் அந்தச் சிறியது ஓடி வரும். அவள் நேராகச் சிகாமணிக்குப் போன் செய்தாள்.

உடனே ஸ்கூட்டரில் வந்தார். என் தகட்டைப் பிய்த்தெடுத்து ஓரங்களைத் தேய்த்துக் குறைத்தார். மீன்களைத் தனித்தனி வாளியில் விட்டுத் தொட்டியைக் காலி செய்தார். சுவர்களைத் துடைத்துக் காயவிட்டு, மெல்லிய கண்ணாடிப் பட்டைகளை இரண்டிரண்டாகச் சிலிகானால் ஒட்டினார். ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவே ஒரு தடம் விட்டார். அந்தத் தடத்தில் தகட்டை ஒட்டாமல் இறக்கினார்.

“ஆடுதே,” என்றேன்.

“ஆடட்டும் சார். இறுக்குனா வளையும். கொஞ்சம் எடம் வுட்டா நிக்கும்.” பிறகு கல்யாணியிடம், “பசையோட வினிகர் வாசன போற வரைக்கும் தண்ணி ஊத்தாதம்மா. பெருச டிரம்ல வுடு. சிறுச நான் எடுத்துக்கினு போய் மருந்து போட்டுக் குடுக்கறேன்,” என்றார்.

அந்தச் சமயத்தில்தான் துணை முதல்வர் பதவி காலியானது. நிர்வாகம் என்னைப் பற்றி அவரிடம் விசாரித்தது. “நல்ல வாத்தியாரு. ஆனா யாரோடயும் ஒத்துப்போவ மாட்டாரு,” என்றாராம். பதவி அவருக்கே போனது. அதன்பின் நான் அவரிடம் பேசவில்லை. மீனையும் கேட்கவில்லை. அவரும் கொண்டுவந்து தரவில்லை.

“சண்டை உங்களுது, மீன் என்னோடது. போய்க் கேளுங்க,” என்பாள் கல்யாணி. எடுத்துப் போனவர் கொண்டுவரட்டும் என்பேன். பிறகு அவள் அந்தப் பேச்சையே விட்டுவிட்டாள். செத்துவிட்டது என்ற பதிலைக் கேட்க அவளுக்குத் தைரியம் இல்லை. ஆனால் தொட்டியின் அந்தப் பாதியில் வேறு மீன் விட அவள் சம்மதிக்கவே இல்லை.

சாவு வீட்டில் மாலையைப் போட்டுவிட்டு நிமிர்ந்தேன். கூடத்துச் சுவரோரம் தொட்டி. அதில், வால் கொஞ்சம் கோணலாக வளர்ந்த எங்கள் மீன், கையளவு பெருத்து, கூட்டத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் வரக்கூடாத நிம்மதி எனக்கு வந்தது. துக்கம் அதற்குப் பிறகுதான் வந்தது.

காரியம் முடிந்த அன்று அவர் மனைவி என்னைக் கூப்பிட்டார். “எடுத்துக்கினு போங்க சார். ‘அது சார் வூட்டு மீனு, நம்மளது இல்ல. வந்து கேட்டா குடுத்துடணும்’னு சொல்லிக்கினே இருப்பாரு.”

“நான் கேக்கவே இல்லைன்னா?”

“நானும் அதத்தான் கேட்டேன். ‘வருவாரு, கோவம் ஆற லேட்டாவும்’னாரு.”

துணை முதல்வர் விஷயத்தை நான் மறக்கவில்லை. நண்பர்கள் யாரும் எனக்காக அதை மறந்துவிட வேண்டாம். ஆனால் அவர் ஒட்டிய கண்ணாடிப் பட்டைகள் எங்கள் தொட்டியில் இன்னும் விடாமல் இருக்கின்றன. பெரியது வந்து முட்டும்போது தகடு லேசாக ஆடி, நிற்கிறது. மறுபக்கத்தில் சிறியது கல்யாணியின் விரலைத் தேடி வருகிறது. அப்போதெல்லாம் அவள், “நல்ல மனுஷன்,” என்கிறாள். நான் மறுத்துப் பேசுவதில்லை.