தோழன் இல்லாத கலியாணம்

இந்த ஊரில் நான் 'ஓம்' என்றால் யாரும் அதை 'ஆமாம்' என்று எடுத்துக்கொள்வதில்லை. செங்கம் ரோட்டில் காய்கறி விற்கும் அம்மா, "கத்திரிக்கா இன்னும் ரெண்டு போடட்டுமா?" என்று கேட்பாள். "ஓம்" என்பேன். அவள் தராசைப் பிடித்தபடி மிச்சத்துக்காகக் காத்திருப்பாள். நான் பேசாமல் நின்றால், "நமசிவாய" என்று தானே முடித்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வாள். கத்திரிக்காய் மட்டும் விழாது. யாழ்ப்பாணத்திலும், போய்ச் சேர்ந்த வேறு ஊர்களிலும் இதை வாசிக்கிற நீங்கள் சிரிக்கலாம். நானும் முதல் மாதம் சிரித்தேன். நம் மொழி பேசுகிற ஊருக்குத்தானே போகிறோம் என்று படகில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு வந்தவர்கள் நாங்கள். என் கலியாணத்துக்கு இடம் தேடி அலைந்தபோதுதான் அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது.

எண்பத்தைந்தாம் ஆண்டின் தொடக்கம் அது. அப்பாவும் நானும் செங்கம் ரோட்டுக்குப் பின்னால் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தோம். அம்மா வரவில்லை. தம்பி ரவியை ஒரு காலையில் ராணுவம் வீட்டிலிருந்து பிடித்துக்கொண்டு போயிருந்தது. அவன் திரும்பி வரும்போது வீடு பூட்டியிருக்கக் கூடாது என்று அம்மா அங்கேயே இருந்துவிட்டாள். ஊரில் எனக்குப் பேசி வைத்திருந்த தேவன் அப்போது சென்னையில் இருந்தார். மேற்கு ஜெர்மனிக்குப் போக அவருக்கு வழி கிடைத்துவிட்டது, மூன்று வாரத்தில் பயணம். அதற்குள் கலியாணம் முடிந்தால் பிறகு என்னைக் கூப்பிட வசதியாக இருக்கும் என்று எழுதியிருந்தார். கடிதம் வந்த நாளிலிருந்து என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. சோற்றை அடுப்பில் வைத்துவிட்டு அறைக்கும் வாசலுக்குமாக நடப்பேன். இரண்டு தடவை அடிப்பிடித்துப் போனது.

அப்பா கலியாணத்தை மறுக்கவில்லை. "செய்வம். ஆனா கோயிலும் வேண்டாம், மண்டபமும் வேண்டாம், மேளமும் வேண்டாம்" என்றார்.

"ஏனப்பா?"

"மணவறை எண்டு ஒண்டு வைச்சா மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரத் தோழன் வேணும், பிள்ளை. அந்த இடத்தில நான் ஆரைக் கொண்டுவந்து நிப்பாட்டுறது?"

வழக்கம் உங்களுக்குத் தெரியும், இந்த ஊர்க்காரர்களுக்குத்தான் நான் விளக்க வேண்டியிருந்தது. பெண்ணின் தம்பிதான் எங்களில் மாப்பிள்ளைத் தோழன். வாசலில் மாப்பிள்ளையின் காலைக் கழுவி, மோதிரம் வாங்கிக்கொண்டு, கையைப் பிடித்து உள்ளே அழைத்து வருவான். பெரியம்மா மகளுக்குக் கூடப்பிறந்த தம்பி இல்லாததால் அவள் கலியாணத்தில் ரவிதான் தோழன். அப்போது அவனுக்குப் பதினான்கு வயது. மோதிரம் விரலுக்குப் பெரிதாகப் போய்விட்டது. அது கழன்று விழுந்துவிடாமல் ஒரு கையைப் பொத்திக்கொண்டு, மறுகையால் பந்தி முழுக்க அப்பளம் போட்டான். "உன்ரை கலியாணத்துக்குச் சின்ன மோதிரமாப் பாத்து வாங்கச் சொல்லு, அக்கா" என்று என்னிடம் வந்து சொன்னான்.

அப்பா தினமும் மாலையில் நகராட்சிப் பூங்காவில் போய் உட்காருவார். அங்கே ஒலிபெருக்கியில் ரேடியோ செய்தி போடுவார்கள். இலங்கை என்ற சொல் வருகிறதா என்று கேட்கத்தான் அவர் போனார். காலையில் அந்தப் பூங்காவில் ஆள் இருக்காது. ஒரு புங்கமரம், நான்கு சிமெண்டு பெஞ்சு, பின்னால் இந்த ஊர் மலை, அவ்வளவுதான். மணவறை வைக்கவே முடியாத இடம். எங்களுக்கு அதுதான் வேண்டியிருந்தது.

நகராட்சி அலுவலகத்துக்குப் போய் அங்கிருந்த கிளார்க்கிடம், "பூங்காவில ஒரு எழுத்து வைக்கப்போறம். அதைப் பற்றிக் கதைக்க வேணும்" என்றேன். கலியாணப் பதிவைத்தான் நாங்கள் எழுத்து என்போம். அவர் நிமிரவில்லை. "எழுதறதுன்னா எதிர்ல மரத்தடியில மனு எழுதறவரு இருக்காரும்மா. கதையெல்லாம் அவராண்ட போய்ச் சொல்லு."

"மனு இல்லை. பத்துப் பன்னிரண்டு பேர் வருவினம்..."

"மீட்டிங்கா? சிலோன்காரங்க மீட்டிங்னா போலீஸ்ல கேக்கணும்."

போலீஸ் என்றதும் என் கை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டது. "கலியாணம்!" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. அலுவலகமே திரும்பிப் பார்த்தது.

"ஊர்ல இவ்ளோ பெரிய கோயில் இருக்குது, பார்க்ல போய் யாராவது கல்யாணம் பண்ணுவாங்களா? ஓடியாந்துட்டீங்களா?"

"ஓடித்தான் வந்தனாங்கள்."

அவர் தலையில் அடித்துக்கொண்டார். "பெத்தவங்களுக்குத் தெரியுமா?"

"அப்பாவும் என்னோடதான் ஓடி வந்தவர்."

அப்போதுதான் அவர் என்னை முதன்முதலாக நிமிர்ந்து பார்த்தார். பிறகு அவர் குரல் மாறியிருந்தது. "அதுக்குன்னு ஃபாரம் ஒண்ணும் இல்லீங்க. பார்க்ல வந்து உக்கார்றதுக்கு யாரு பர்மிஷன் கேக்கறாங்க? காலைல வாங்க, உக்காருங்க, எழுந்து போங்க. தோட்டக்கார பாயாண்ட மட்டும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

பாய் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். "எத்தினி பேரும்மா?" என்றார்.

"பன்னிரண்டு."

"ஜாஸ்தி இல்ல. மாலை மாத்திக்கினு தாலி கட்டிட்டா போதும், சட்டப்படி செல்லும். என் சிநேகிதர் ஒருத்தர் அப்படித்தான் பண்ணிக்கினார். செடியில பூ மட்டும் பறிக்காதீங்க."

கலியாணத்தன்று காலையில் நான் பெஞ்சில் உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். தேவன் நண்பர்களோடு பஸ்ஸில் வந்து இறங்கி, பூங்காவின் இரும்புக் கதவருகே நின்றுவிட்டார். உள்ளே வரவில்லை.

"வாரும் தேவன், இஞ்சை ஆர் பாக்கினம்?" என்றார் ஒரு நண்பர்.

"ஆரும் கூப்பிடாமல் நான் என்னெண்டு உள்ளுக்கு வாறது?" என்றார் தேவன்.

பார்த்து வைத்த நேரம் போய்க்கொண்டிருந்தது. அப்பா எழுந்தார். வீட்டுக்குப் போகப் போகிறார் என்று நினைத்து நானும் எழுந்துவிட்டேன். அவர் நேரே, செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த பாயிடம் போய்க் கையை நீட்டினார். பாய் ஒன்றும் கேட்காமல் பூவாளியைக் கொடுத்தார். அப்பா கதவடியில் போய்க் குனிந்தார்.

"மாமா, நீங்கள் வேண்டாம்" என்று தேவன் காலை இழுத்துக்கொண்டார்.

"காலைக் காட்டும், தம்பி. ரவியின்ரை வேலையைத்தான் செய்யிறன்."

பூவாளியிலிருந்து தண்ணீர் மழைபோலப் பிரிந்து விழுந்தது. ஒரு காலைக் கழுவ வெகுநேரம் பிடித்தது. தேவன் சட்டைப்பையிலிருந்து மோதிரத்தை எடுத்து நீட்டினார். அப்பா அவருடைய விரல்களை மடக்கி அதைத் திருப்பிக் கொடுத்தார். "இது அவன்ரை. நீர் வைச்சிரும்." பிறகு தேவனின் கையைப் பிடித்துப் புங்கமரத்தடிக்குக் கூட்டி வந்தார். தாலி ஏறும்போது நான் தேவனைப் பார்க்கவில்லை. அப்பாவின் நனைந்த வேட்டிக் கரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நண்பர் ஒருவர் ஒரே ஒரு படம் எடுத்தார்.

தேவன் போய் ஒரு வருடத்துக்கு மேலாகிறது. எனக்கு விசா வரவில்லை. ரவியைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. படத்தை மூன்று பிரதி போட்டோம். 'பின்னாலை நிக்கிறது என்ன மலை எண்டு எல்லாரும் கேக்கினம். தம்பிக்கும் ஒரு படம் அனுப்பு, வந்தவுடன கேப்பான்' என்று அம்மா எழுதினாள். தேவன் இருக்கும் அகதி விடுதிக்கு ஜெர்மன் சொல்லிக்கொடுக்க ஒரு கிழவி வருகிறாளாம். அவளும் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, உங்கள் ஊர் மலையா என்று கேட்டாளாம். விளக்கிச் சொல்லப் பாஷை போதாமல் தேவன் தலையாட்டிவிட்டாராம். என்னுடைய பிரதியை ஜன்னலுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன். ஜன்னலுக்கு வெளியே அதே மலை. கிரிவலம் போகிறவர்கள் அதைப் பார்த்துக் கும்பிட்டபடி தெருவில் நடக்கிறார்கள். படத்தில் எங்கள் இருவருக்கும் பின்னால் நிற்கும்போது அது எங்கள் மலையாகத்தான் இருக்கிறது. ஜன்னல் பக்கம் திரும்பினால் அவர்களுடையதாகிவிடுகிறது.